ஜெனரேற்றருக்கு அறை கட்டுறியள், காத்துக்கு வழி விட்டியளோ?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஜெனரேற்றர் பூட்டுறதும் சேர்விஸ் செய்யிறதும்தான் எனக்குத் தொழில். வலிகாமத்திலையும் யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ளையும்தான் கூட வேலை, இடைக்கிடை தென்மராட்சி, வடமராட்சிப் பக்கமும் போறனான். இப்ப எங்கை பார்த்தாலும் மூண்டு மாடி, நாலு மாடி எண்டு கட்டிடம் எழும்புது, கலியாண மண்டபம், லொட்ஜ், தனியார் ஆஸ்பத்திரி, பாங்க், நகைக்கடை, ரியூசன் நடத்திற இடங்கள் கூட இப்ப மாடிதான், எல்லாத்திலையும் ஜெனரேற்றர் இருக்கு, ஆனா அதுக்குக் காத்து எங்காலை வரும், சூடு எங்காலை போகும், புகை எங்கை போய் முடியும் எண்டு பிளான் கீறேக்கை ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. கட்டி முடிச்சு, பெயின்ற் அடிச்சு, திறப்பு விழாவுக்குக் கார்ட்டும் அடிச்சாப் பிறகுதான் எங்களைக் கூப்பிடுறவை. "உந்தப் படிக்குக் கீழை ஒரு இடம் சும்மா கிடக்கு, உதுக்குள்ளை வையுங்கோ தம்பி" எண்டு சொல்லுவினம். அந்தப் படிக்குக் கீழை இருக்கிற இடத்தைப் பற்றித்தான் நான் எழுத வந்தனான்.

முந்தி எங்களுக்கு உந்தப் பிரச்சினை இருக்கேல்லை. சண்டைக் காலத்திலை வருசக்கணக்கா லைன் கரண்ட் இல்லாமல் இருந்த சனம் நாங்கள், மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டின சின்ன மெசின்தான் அப்ப, அது கோடிப்பக்கம் மாமரத்துக்குக் கீழை நிண்டு ஓடும், சுத்திவர கிடுகு வேலி, புகை காத்தோடை போயிடும், சத்தம் மட்டும்தான் கரைச்சல். இப்ப வேலி போய் ஏழடி மதில் வந்திட்டுது, பக்கத்து வீட்டு யன்னல் கை எட்டுற தூரத்திலை. 2022 மார்ச் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் ஜெனரேற்றர் வாங்கின ஆக்கள் கனபேர். பிறகு 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின் நிலையத்திலை குரங்கு பாய்ஞ்சு முழு இலங்கையும் நிண்டுது, அதுக்குப் பிறகு இன்னும் கொஞ்சப் பேர். கூரையிலை சோலர் போட்ட ஆக்களும் பற்றரி இல்லாட்டி லைன் நிண்ட உடனை சோலரும் நிண்டிடும் எண்டு கண்டு ஜெனரேற்றருக்கு வருகினம். வாங்கிறதிலை பிழை சொல்ல மாட்டன், இந்த நாட்டிலை வியாபாரம் செய்யிறதெண்டால் வேணும்தான். வைக்கிற விதம்தான் பிழை.

ஒரு விசயத்தை முதல் விளங்கோணும். டீசல் எரிஞ்சு வாற சக்தியிலை ஏறக்குறைய மூண்டிலை ஒரு பங்குதான் கரண்டா வயருக்குள்ளை போகுது. இன்னொரு பங்கு புகையோடை பைப்பாலை போகுது. மிச்சம் முழுக்க எஞ்சின் தண்ணியைக் குளிராக்கிற ரேடியேற்றராலையும் எஞ்சின் உடம்பாலையும் சூடா அந்த அறைக்குள்ளைதான் வந்து விழுது. 100 கேவிஏ மெசின், அதாவது 80 கிலோவாற் மெசின் ஒண்டு முழு லோட்டிலை ஓடினால் அந்தக் கரண்டுக்குக் கிட்டமுட்ட அதேயளவு சூட்டை அறையிலை இருந்து வெளியிலை தள்ளியாகோணும். அதுக்குத்தான் ரேடியேற்றருக்கு முன்னாலை அவ்வளவு பெரிய பங்கா சுத்துது. அந்தச் சைஸ் மெசினுக்கு ரேடியேற்றராலை போற காத்து விநாடிக்கு 2 கன மீற்றருக்கு மேலை வரும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, பத்தடி உயரம் எண்டு வைச்சுப் பாருங்கோ, அந்த அறைக்குள்ளை இருக்கிற காத்து முழுக்க 20 செக்கனுக்குள்ளை ஒருக்கா மாறவேணும். எரியிறதுக்கு எண்டு எஞ்சின் இழுக்கிற காத்து அதுக்குப் பக்கத்திலை கொஞ்சம்தான், நிமிசத்துக்கு ஏழெட்டுக் கன மீற்றர். கனபேர் "எஞ்சினுக்கு மூச்சு விடக் காத்து வேணும், ஒரு சின்ன யன்னல் காணும்" எண்டு நினைக்கினம், ஆனா அந்தப் பெரிய பங்கு காத்து வேண்டிக் கிடக்கிறது சூட்டை இறக்கிறதுக்கு.

ஒரு மண்டபத்திலை நடந்ததைச் சொல்லுறன், பேர் வேண்டாம். முகூர்த்த நேரம் கரண்ட் நிண்டு, மெசின் ஸ்ரார்ட் எடுத்து, எல்லா ஏசியும் ஏறி, கொஞ்ச நேரத்திலை ஓவர் ஹீற் எண்டு மெசின் தானா நிண்டிட்டுது. தாலி கட்டினது கைபேசி லைற்றிலை. முதலாளி கூப்பிட்டு "மெசின் சரியில்லை, இதைக் குடுத்திட்டு 150 கேவிஏ ஒண்டு போடுவம்" எண்டார். நான் போய்ப் பார்த்தால் மெசினிலை ஒரு பிழையும் இல்லை. அறைக்கு ஒரே ஒரு கதவு, அதுதான் காத்து வாற வழி, ரேடியேற்றருக்கு முன்னாலை சுவரிலை ஒரு கிறில், கிறிலுக்கு நுளம்பு வலை வேறை அடிச்சிருக்கு, அந்த வலையிலை டீசல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிக் கிடக்கு. கிறிலுக்கு அங்காலை இரண்டரை அடியிலை எல்லை மதில். சுடுகாத்து கிறிலாலை வெளிக்கிட்டு, மதிலிலை மோதி, திரும்பி வந்து, கதவாலை உள்ளுக்கு வந்து, திருப்பி ரேடியேற்றருக்குள்ளையே போகுது. வெளியிலை 34 பாகை, ரேடியேற்றருக்கு முன்னம் காத்தின்ரை சூடு 56 பாகை. கனக்க மெசின்களுக்கு 40 பாகைக்கு மேலை போகப் போக எடுக்கக்கூடிய லோட் குறைஞ்சுகொண்டு போகும் எண்டு அந்த மெசின் புத்தகத்திலையே போட்டிருக்கு. உதுக்குள்ளை 150 கேவிஏ மெசினை வைச்சிருந்தால் அது இன்னும் கூடின சூட்டைத் தள்ளி இன்னும் கெதியா நிண்டிருக்கும்.

செய்தது பெரிய வேலை இல்லை. மெசினுக்குப் பின்பக்கம், அதாவது கரண்ட் பிறப்பிக்கிற அல்ரனேற்றர் இருக்கிற பக்கம், வளவைப் பார்த்தபடி நாலடிக்கு நாலடி சுவரை உடைச்சு லூவர், அதாவது சாய்வாத் தகடு அடுக்கின காத்து யன்னல், வைச்சம். ரேடியேற்றரில இருந்து கிறில் வரைக்கும் தகரத்திலை பெட்டி அடிச்சு, மெசின் அதிர்றது சுவருக்குப் போகாமல் நடுவிலை கன்வஸ் துணி பூட்டி, வெளியிலை அந்தப் பெட்டியை மேல்நோக்கித் திருப்பி மதில் உயரத்துக்கு மேலை விட்டம். நுளம்பு வலையைக் கழட்டிப்போட்டு எலி வராத அளவுக்கு அரை அங்குலக் கண் கம்பிவலை. பிறகு அதே மெசின், அதே லோட், 41 பாகை. சுவர் கட்டேக்கையே அந்த ஓட்டை விட்டிருந்தால் ஒரு மேசன்ரை அரைநாள் வேலை, கட்டி முடிச்சு மாபிள் பதிச்சாப் பிறகு உடைச்சபடியால் என்ன செலவு வந்தது எண்டு அவரைத்தான் கேக்கோணும்.

இதிலை பொதுவா ஒரு ஒழுங்கு இருக்கு. குளிர்காத்து அல்ரனேற்றர் பக்கத்தாலை, கீழை இருந்து வரவேணும், அல்ரனேற்றரைத் தடவி, எஞ்சினைத் தடவி, ரேடியேற்றராலை நேரா வெளியிலை போகவேணும். வாற வழி ரேடியேற்றர் முகத்தைவிட ஒண்டரை மடங்கு, போற வழி ஒண்டேகால் மடங்கு எண்டு ஒரு கணக்கு வைச்சிருக்கிறம். அந்தக் கணக்கு லூவர் தகடுகளைக் கழிச்சுப் போட்டு மிஞ்சிற இடைவெளிக்குத்தான், சில லூவரிலை பாதிதான் திறப்பா இருக்கும், அதனாலை சுவரிலை விடுற ஓட்டை இன்னும் பெரிசா வேணும். ஓட்டைக்கு முன்னாலை மதிலோ, வான் விடுற இடமோ, தண்ணித் தாங்கியோ வந்தால் எல்லாம் வீண். அதோடை காத்துப் பக்கம் பாக்கோணும். எங்கடை ஊரிலை இது ஒண்டும் புதுசா படிக்கிற விசயம் இல்லை, வயல் செய்யிற ஆக்களைக் கேட்டால் சொல்லுவினம், வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் தெற்காலை வாற சோளகமும் மேற்காலை வாற கச்சானும், ஐப்பசிக்குப் பிறகு வடக்காலை வாற வாடை. சுடுகாத்துப் போற வாயைச் சோளகத்துக்கு முகம் குடுத்து வைச்சால் வெளியிலை இருந்து காத்து அதைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளும், பங்கா அதோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கும். கடற்கரைப் பக்கம், குருநகர், நாவாந்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை, அங்கை காத்து உப்பையும் கொண்டருது, ரேடியேற்றர் இதழெல்லாம் கொஞ்ச வருசத்திலை பொடிப்பொடியா உதிரும், அங்கை மெசின் வைக்கிற ஆக்கள் காத்து வாற வழியைக் கடல் பாக்காத பக்கத்திலை விடோணும்.

இப்ப புகைக்கு வாறன், இதுதான் எனக்குக் கூட மனவருத்தம்.

எங்கடை அம்மம்மாக்களின்ரை காலத்துக் குசினியைப் பாருங்கோ. வீடு சின்னன் எண்டாலும் அடுப்புக்கு மேலை புகைக்கூடு விட்டுத்தான் கட்டினவை, புகைக்கூடு இல்லாத குசினியை மேசன்மாரே கட்ட மாட்டினம். ஒரு நேரச் சோறு காய்ச்சிற விறகுப் புகைக்கே அவ்வளவு யோசிச்ச ஊர், 100 குதிரைவலு எஞ்சின்ரை புகையைப் பக்கத்து வீட்டு யன்னலுக்கு நேரை விட்டிட்டு இருக்கு.

ரவுணுக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையிலை ஓய்வெடுத்த ரீச்சர் ஒரு ஆள் இருக்கிறா, பக்கத்திலை நாலு மாடிக் கட்டிடம் வந்திட்டுது. அவையின்ரை ஜெனரேற்றர்ப் புகைப் பைப் மதிலுக்கு மேலாலை படுக்கையா வெளியிலை வந்து முடியுது, அவவின்ரை மேல் யன்னல் உயரத்திலை, நேரை அந்தப் பக்கம் பாத்தபடி. சுவரிலை பைப் வாய்க்கு நேரை ஒரு கறுப்பு வட்டம், அதிலை இருந்து கீழை மழை வடிஞ்ச கோடு கோடா கரி. முத்தத்து நித்தியகல்யாணி இலையைத் தடவினால் விரலிலை கறுப்பு எண்ணெய் ஒட்டுது. காயப்போட்ட வெள்ளைச் சீலையை இரண்டாந்தரம் தோய்க்கிறா. வைகாசி தொடக்கம் அந்தப் பக்கத்து யன்னல் திறக்கிறேல்லை எண்டா, அவவுக்கு முட்டும் இருக்கு. டீசல் புகை புற்றுநோய் வருவிக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ரை புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012 இலையே முதலாந்தர வகுப்பிலை போட்டிட்டுது, சிகரெட், அஸ்பெஸ்ரஸ் எல்லாம் இருக்கிற அதே வகுப்பு. அந்த ரீச்சர் போய்க் கதைச்சதுக்கு "கரண்ட் நிக்கிற நேரம்தானே ஓடுது அன்ரி" எண்டு பதில் சொல்லியிருக்கினம். ஒவ்வொரு கிழமையும் ரெஸ்ற் ஓட்டம் எண்டு அதை ஸ்ரார்ட் பண்ணுறது ஆருக்குத் தெரியாது.

அந்தப் பைப்பைக் கட்டிடத்தின்ரை கூரைக்கு மேலை நிமிர்த்தி விட்டால் முடிஞ்சுது. செய்ய மாட்டன் எண்டதுக்குச் சொல்லுற காரணம், பைப் நீண்டால் மெசின் இழுக்காதாம். அது பாதி உண்மை. புகை போற பைப்பிலை எதிர்அழுத்தம் கூடினால் மெசின் பெலன் குறையும், சூடாகும், கரி கக்கும், கனக்க எஞ்சின்களுக்கு 10 கிலோபஸ்கால் தாண்டவே விடமாட்டினம், சிலதுக்கு அதிலும் குறைவு. ஆனா அதுக்கு மருந்து பைப்பைக் கட்டையா விடுறது இல்லை, பைப்பைப் பெருசாப் போடுறது. பைப்பின்ரை விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அந்த அழுத்தம் 32 இலை ஒரு பங்காக் குறையும், அதனாலை ஒரு சைஸ் கூட்டினாலே கன வித்தியாசம் தெரியும். சைலன்சர் வாய் 4 அங்குலம் எண்டால் மேலை போற நீளத்துக்கு 5 அங்குலமோ 6 அங்குலமோ போடோணும். மூலைக்கு மூலை தொண்ணூறு பாகை எல்போ வைச்சு வெட்டி ஒட்டாமல் நீள வளைவு பெண்ட் போடோணும். வெல்டிங் பெடியள் கணக்குப் பாக்காமல் கையிலை கிடக்கிற பைப்பிலை அடிச்சுக் குடுக்கிறாங்கள், கிணத்துக்கு வாங்கி மிஞ்சின ஜீ.ஐ பைப்பிலை கூடச் செய்த இடம் பார்த்திருக்கிறன், அதிலை இருக்கிற நாக (சிங்க்) பூச்சு சூட்டுக்கு எரிஞ்சு வாற புகை தனி நஞ்சு.

சூடு எண்டால் விளையாட்டு இல்லை. முழு லோட்டிலை, எஞ்சினுக்குள்ளை காத்தை அமத்தித் தள்ளுற ரேர்போவுக்குக் கிட்டப் புகை 500 பாகை தாண்டும். அந்தச் சூட்டுக்கு இரும்புப் பைப் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளும். நீள இடம் இல்லாமல் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் ரேர்போ வாயிலைதான் வெடிப்பு வரும், வெடிச்ச இடத்தாலை புகை அறைக்குள்ளை வரும், ஆருக்கும் உடனை தெரியாது. அதனாலை எஞ்சினை விட்ட உடனை பெலோஸ், அதாவது நீண்டு சுருங்கிற மடிப்புக் குழல், கட்டாயம். சைலன்சர்ப் பாரம் ரேர்போவிலை தொங்கப்படாது, சீலிங்கிலை இருந்து ஸ்பிரிங்கோடை தூக்கிக் கட்டோணும். அறைக்குள்ளை போற பைப் முழுக்க றொக்வூல் எண்ட கல்நார்ப் பஞ்சு மாதிரி, ஆனா அஸ்பெஸ்ரஸ் இல்லாத, சூடு தாங்கிற பஞ்சைச் சுத்தி அதுக்கு மேலை அலுமினியத் தகடு போடோணும், இல்லாட்டி அந்தப் பைப்பே அறையைச் சூடாக்கும், கை பட்டால் தோல் உரியும். பழைய ஆக்கள் அஸ்பெஸ்ரஸ் கயிறு சுத்தினவை, எங்கையும் அப்பிடி இருந்தால் பிய்ச்சு எறியாதேங்கோ, தெரிஞ்ச ஆளை விட்டு நனைச்சு எடுக்கச் சொல்லுங்கோ, அந்தத் தூள்தான் நஞ்சு. சுவருக்குள்ளாலை பைப் போற இடத்திலை சுத்திவர இடைவெளி விட்ட குழல் வைக்காமல் சீமெந்தாலை பூசினால் சுவர் வெடிக்கும், பலகைச் சீலிங் எண்டால் நெருப்பே பிடிக்கும். அந்த அறையை ஸ்ரோர் ரூமாப் பாவிச்சு, பழைய கதிரை, அலங்காரத் துணி, பெயின்ற் வாளி எல்லாத்தையும் சைலன்சருக்குக் கீழை அடுக்கி வைச்சிருக்கிற மண்டபங்கள் இருக்கு.

மழைக்கு மேலை ஒரு தொப்பி போட்டுப் புகையைக் கீழை திருப்பி விடுறவை, அது வேண்டாம், மெசின் ஓடேக்கை தானாத் திறந்து நிண்டாப் பிறகு மூடுற மூடி இருக்கு, அதைப் போட்டால் புகை நேரா மேலை அடிச்சுக்கொண்டு போகும். பைப்பின்ரை அடியிலை தண்ணி வடிக்க ஒரு சின்ன வால்வ் வையுங்கோ, எங்கடை மாரி மழைக்கு அது இல்லாட்டித் தண்ணி எஞ்சினுக்குள்ளைதான் போகும். இரண்டு மெசின் இருக்கிற இடத்திலை செலவு மிச்சம் எண்டு இரண்டு புகையையும் ஒரே பைப்பிலை சேர்க்கிறதும் வேண்டாம், ஒண்டு ஓடேக்கை அதின்ரை புகை நிக்கிற மெசினுக்குள்ளை போய் ஈரமாக்கி வால்வ் எல்லாம் கறள் பிடிக்கும். தேவைக்கு மிஞ்சின பெரிய மெசினை வாங்கி நாலு லைற்றுக்கும் ஒரு பிறிஜ்ஜுக்கும் ஓட்டுறவைக்கும் ஒண்டு சொல்லோணும், 30 வீதத்துக்குக் குறைஞ்ச லோட்டிலை நெடுக ஓடினால் டீசல் முழுக்க எரியாமல் சைலன்சர் மூட்டாலை கறுப்பு எண்ணெயா ஒழுகும், அந்தப் புகைதான் அயலுக்குக் கூட நாறுறது.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விடேலாது, ஏனெண்டால் காத்து வழியை அடைக்கிறதுக்கு முக்கால்வாசிக் காரணம் சத்தம்தான். பக்கத்து வீட்டார் முறைப்பாடு குடுப்பினம், உடனை லூவரைப் பலகையாலை அடைப்பினம், கதவைச் சாத்துவினம், சத்தம் குறையும், மெசின் அவியும். முறைப்பாடு குடுத்த ஆளிலை பிழை இல்லை, இராவு நித்திரை வேணும்தானே. ஆனா சத்தத்தைக் குறைக்கிறதுக்கு வேறை வழி இருக்கு. காத்து வாற வழியிலையும் போற வழியிலையும் றொக்வூல் நிரப்பின பலகைகளை இடைவெளி விட்டு வரிசையா நிப்பாட்டினால் காத்து இடையாலை போகும், சத்தம் றொக்வூலிலை அடங்கும். ஒண்டுதான், அந்தப் பலகைகள் இடத்தைப் பிடிக்கிறபடியால் ஓட்டையை இன்னும் பெரிசா விடோணும், அதுக்கு அறை இரண்டு மூண்டு அடி கூட நீளமா இருக்கோணும், அதையும் பிளானிலைதான் செய்யலாம். கனோப்பி எண்ட சத்தம் அடக்கிற பெட்டியாலை மூடின சைலன்ற் மெசின் வாங்கினால் எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சு அதை அறைக்குள்ளை தள்ளிக் கதவைச் சாத்துற ஆக்களும் இருக்கினம், கனோப்பிக்குள்ளை இருந்து வாறதும் அதே சூடும் அதே புகையும்தான்.

பெரிய மெசின் கதை இவ்வளவு. வீடுகளிலை பாவிக்கிற சின்னப் பெற்றோல் மெசின்தான் ஆளைக் கொல்லுறது. டீசலைவிடப் பெற்றோல் எஞ்சினிலை காபனோரொட்சைட்டு எண்ட நச்சு வாயு கனக்க வரும், மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. நூற்றுக்கணக்கான கார் சேர்ந்து விடுற காபனோரொட்சைட்டை ஒரு சின்ன மெசின் விடும் எண்டு அமெரிக்காவிலை நுகர்வோர் பாதுகாப்புப் பகுதி சொல்லுது. அது இரத்தத்திலை ஈமோகுளோபினோடை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேலை இறுக்கமா ஒட்டும், அதனாலை கொஞ்சம் கொஞ்சமா உள்ளை போனாலே ஒட்சிசனுக்கு இடம் இல்லாமல் போகும். எங்கடை சனம் மாரி காலத்திலை மழை நனைக்கும் எண்டு மெசினை விறாந்தையிலையோ போர்ட்டிக்கோவிலையோ வைச்சு, கள்ளனுக்குப் பயத்திலை உள்பக்கத்திலை கேற்றையும் பூட்டி, யன்னல் கொஞ்சம் திறந்திருக்குத்தானே எண்டு படுக்குது. திறந்த யன்னல் காக்காது, பங்காவும் காக்காது. யன்னல், கதவில இருந்து குறைஞ்சது 20 அடி, 6 மீற்றர், தள்ளி முத்தத்திலை, புகை வாய் வீட்டுக்குப் பாக்காமல். மழைக்கு நாலு கம்பு நட்டு மேலை மட்டும் தகரம், பக்கம் நாலும் திறந்தபடி.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், பிள்ளையள் இரண்டும் தலையிடி, சத்தி, தாய்க்குத் தலைச்சுத்து, கடைச் சாப்பாடுதான் பழுது எண்டு நினைச்சு மல்லித் தண்ணி வைச்சுக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கினம், மெசின் குசினிக்குப் பின்னாலை ஒத்தாப்புக்குள்ளை ஓடிக்கொண்டு இருக்கு. கொரோனா நேரம் வாங்கின ஒட்சிசன் பாக்கிற கருவியை விரலிலை மாட்டினால் 98 காட்டுது, அதனாலை பயப்பிடேல்லை. அந்தக் கருவிக்கு ஈமோகுளோபினிலை ஒட்டினது ஒட்சிசனோ காபனோரொட்சைட்டோ எண்டு பிரிச்சு அறியத் தெரியாது, இரண்டையும் சேர்த்து நல்ல எண் காட்டும், இதைத் தயவுசெய்து எல்லாரும் ஞாபகம் வைச்சிருங்கோ. காய்ச்சல் இல்லாமல் வீட்டிலை எல்லாருக்கும் ஒரே நேரம் தலையிடியும் சத்தியும் வந்து, வெளியிலை போனால் கொஞ்சம் சுகமா இருந்தால், அது சாப்பாடு இல்லை. ஆக்களை உடனை வெளியிலை கொண்டு போங்கோ, மெசினை நிப்பாட்டுங்கோ, 1990 க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ, ஆஸ்பத்திரியிலை ஜெனரேற்றர் ஓடினது எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ, சொன்னால்தான் இரத்தத்தைச் சோதிச்சு ஒட்சிசன் குடுப்பினம். அந்தக் குடும்பம் தப்பினது தகப்பன் வேலையால வந்து எல்லாரையும் முத்தத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தபடியால்தான். காபனோரொட்சைட்டு அலாரம் ஒண்டு பற்றரியிலை வேலை செய்யும், படுக்கிற அறைக்குக் கிட்ட மாட்டோணும், மெசினுக்குப் பக்கத்திலை மாட்டிப் பிரயோசனம் இல்லை.

இதோடை சேர்ந்ததுதான் கிணறும். எங்கடை கிணறுகளிலை தண்ணி இறங்கிற கோடையிலை எஞ்சினிலை ஓடுற வாட்டர் பம்ப்பைக் கிணத்துக்குள்ளை இருக்கிற கட்டுக்கு மேலை இறக்கி வைச்சு ஓட்டுற பழக்கம் இருக்கு, கலக்கி இறைக்கேக்கை அப்பிடியே ஆளும் இறங்கிறது. கிணறு எண்டால் மேலை மட்டும் வாய், சுத்திவரக் கல்லு, புகை எங்கை போறது. இறங்கினவர் மயங்கி விழ அவரைத் தூக்க இறங்கினவரும் விழுறார். பம்ப்பை மேலை வையுங்கோ, மேலை வைச்சு இழுக்காட்டித் தண்ணிக்குள்ளை தாழுற கரண்ட் மோட்டரைப் பாவியுங்கோ, எஞ்சின் ஓடின கிணத்துக்குள்ளை உடனை ஆளை இறக்காதேங்கோ.

இனி நான் கேக்கிறது. யாழ் மாநகர சபையும் பிரதேச சபையளும் கட்டிடப் பிளான் பாஸ் பண்ணேக்கை மலக்குழிக்கும் கிணத்துக்கும் இடையிலை எத்தனை அடி எண்டு நாடா பிடிச்சுப் பாக்கினம், நல்லது. அதே பிளானிலை ஜெனரேற்றர் எங்கை, எத்தனை கேவிஏ, காத்து வாற வாய், போற வாய், புகைப் பைப் எந்த உயரத்திலை முடியுது, பக்கத்து வீட்டு யன்னல் அதில இருந்து எவ்வளவு தூரம், இவ்வளவையும் கீறித் தரச் சொல்லிக் கேளுங்கோ. மாடிக் கட்டிடத்துக்கும் மண்டபத்துக்கும் லொட்ஜுக்கும் இது இல்லாமல் பாஸ் பண்ணாதேங்கோ, கட்டி முடிச்சு, பிளான்படி கட்டினது எண்டு குடுக்கிற சீ.ஓ.சீ சான்றிதழைக் குடுக்க முன்னம் மெசினை லோட்டிலை ஓடவிட்டு, அறைக்குள்ளை ஒரு வெப்பமானியைப் பிடிச்சுப் பாருங்கோ, வெளிக்காத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு மேலை ஏறினால் திருப்பி அனுப்புங்கோ. தொழில்நுட்பக் கல்லூரியளிலை மோட்டர் மெக்கானிக், மின்சாரம், கட்டிட வேலை எண்டு மூண்டு வகுப்பு தனித்தனியா நடக்குது, இந்த விசயம் மூண்டுக்கும் நடுவிலை விழுந்து ஒருத்தரும் படிப்பிக்காமல் போகுது, மூண்டு வகுப்புப் பெடியளையும் ஒரு நாள் ஒரே ஜெனரேற்றர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.

ஏற்கெனவே பிழையாக் கட்டினவைக்கு, முழுக்க உடைக்கத் தேவையில்லை. முதல் நுளம்பு வலையைக் கழட்டுங்கோ, அறைக்குள்ளை அடுக்கி வைச்ச சாமானை வெளியிலை எடுங்கோ, பெலோஸிலையும் மூட்டுகளிலையும் கரிக் கசிவு இருக்கோ எண்டு ரோச் அடிச்சுப் பாருங்கோ, பிறகு புகைப் பைப்பைக் கூரைக்கு மேலை நிமிர்த்துங்கோ. அந்த ரீச்சருக்குப் பக்கத்துக் கட்டிடக்காரர் இதை வாசிச்சால், வாற சோளகத்துக்கு முன்னம் அந்தப் பைப்பைத் திருப்பி விடச்சொல்லிக் கேட்டுக்கொள்ளுறன், கூலி வேண்டாம், நானே வந்து நிண்டு செய்து தாறன்.

இப்படிக்கு,
ஜெனரேற்றர் திருத்துற தொழிலாளி,
கோண்டாவில்